துஜா மரத்து மொட்டுக்குள்ளே ஓர் ஆள்

டிசம்பர் 9, 1982. மழை விட்டது.
அடுத்த வீட்டு துஜா மரத்தில் இருப்பது மொட்டே இல்லை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆள் குடியிருக்கிறான்!!! கீழே விழுந்த நுனி ஒன்றை பிளேடால் கீறினேன். மிளகு அளவு வீக்கம். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் குட்டிப் புழு. வரிச்சிக்குடி வயலில் நெற்பயிரைக் குழலாக்குமே ஆனைக்கொம்பன் ஈ, அதற்கு உறவுக்காரனாக இருக்கலாம். நூலகப் புத்தகத்தில் ஆனைக்கொம்பனுக்கு ஒரு பக்கம். இவனுக்கு ஒரு வரிகூட இல்லை. மரத்தையே ஏய்த்துத் தனக்கு வீடு கட்ட வைத்திருக்கிறான். என்ன மூளை!

உம்மா: "ஒரு பூச்சிக்கா இந்தக் குதி? அரிசியப் பொடைச்சுப் பாரு, அதுலயும் இருக்கு."

டிச. 13
சிக்கல். மரம் அடுத்த வீட்டு மதாமுடையது. அவர் வீட்டுக்காரர், மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சைகோனிலிருந்து திரும்பிய வருடம் நட்டதாம். மதாம் அதைப் பூ மொட்டு என்றே நம்புகிறார். "இத்தன வருஷத்துல இப்பத்தான் மொட்டு வச்சிருக்கு நூரு. மாதா கண்ணத் தொறந்துட்டாங்க. தெனம் மெழுகுவத்தி ஏத்துறேன்." உண்மையைச் சொன்னால் மாமா மருந்து பம்பைத் தூக்குவார். ஒருத்தனும் மிஞ்ச மாட்டான். வாயை மூடிக்கொண்டேன்.

டிச. 18. தூறல்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் நான் வைத்த நுனிகள் பூசணம் பிடித்துப் போச்சு. மூடியில் ஓட்டை போடாத மடச்சி. மதாம் வேறு, மொட்டு இருந்த ஒரே கிளையையும் வெட்டி, ஈர மணல் தொட்டியில் ஊன்றி, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மரத்தில் இனி ஒன்றும் இல்லை. "பூக்கட்டும், தெருவையே கூப்புடுறேன்."

டிச. 23. நல்ல வெயில்.
"நூரு, இங்க வாடி!"
ஓடினேன். மொட்டு நுனியில் காலித் தோல் ஒன்று நீட்டிக்கொண்டு. குடிலின் வைக்கோல்மேல் அவன்! கொசுவில் பாதிகூட இல்லை. மணி கோத்த மாதிரி மீசை. இறக்கையில் வெயில் பட்டு வானவில். அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மாமா: "அப்ப ரெண்டு வாரமா கொசுவுக்கா மெழுகுவத்தி ஏத்துன?" பம்பை எடுத்து வந்துவிட்டார்.

மதாம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக் குனிந்தார். ரொம்ப நேரம்.
"எத்தன நாள் இருக்கும்?"
"ஒண்ணு, ரெண்டு நாள்தான் மதாம்."
"என்னங்க, அதக் கீழ வைங்க." பிறகு என்னிடம், "அப்ப ஏன்டி நிக்கிற? ஓடு, தெருவுல எல்லாரையும் கூட்டிட்டு வா!"