அலமாரிப் படத்தின் கடைசிப் பத்து நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

காய்ச்சல் மருந்துச் சீட்டில் 'மயக்கம் வராது' என்று அச்சாகவிருந்ததை இன்று பிடித்தேன். 'வரலாம்' என்று இருக்க வேண்டும். மருந்துக் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இதுதான் என் வேலை, பக்க விளைவுகளைப் படித்துத் தப்புக் கண்டுபிடிப்பது. "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க" என்றார் மேலாளர். வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

சலவைத் துணி வந்தது. உள்ளே வைக்கவில்லை, நாற்காலியை நகர்த்தச் சோம்பல். என் துணி அலமாரி கூடத்தில் இருக்கிறது. அதன் கதவில் ஒரு நாற்காலியின் முதுகைச் சாய்த்து வைத்திருப்பேன். படுக்கையறையில் அலமாரி இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் சாமான் இறக்குகிறவர்கள் சிரிப்பது இதற்குத்தான்.

மார்ச் 7, சனி

நாலு மணிக்கு வழக்கம்போல் பல் டாக்டரின் கிளினிக். சனி மதியத்தோடு அவர் மூடிவிடுவார். பிறகு காத்திருப்பு அறை எங்கள் சங்கத்துக்கு. சொத்தைப்பல் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து பேய்ப்படம் பேசும் நாலு பேர்: டாக்டர், நூலகர் அம்மா, டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், நான். பேச்செல்லாம் ஒரே ஆளைப் பற்றித்தான். ஏழே படம் எடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்த இயக்குநர். எங்களுக்கு அவர் 'இருட்டுக்காரர்'. பெயர்தான் அப்படி, பட்டப்பகலில், ஜன்னலெல்லாம் திறந்திருக்கும்போது பயமுறுத்தத் தெரிந்தவர் அவர்.

சிறந்த படம் எது என்பதில் விவாதமே கிடையாது என்றார் டாக்டர். உடனே விவாதம் ஆரம்பித்தது. அவருக்குக் கிணற்றுப் படம். "ஒரு பேயைக் காட்டினாரா? ராட்டினச் சத்தம் மட்டும்தாங்க. வாளி மேல வரவர தியேட்டர்ல ஒருத்தரும் மூச்சு விடல." மாஸ்டருக்கு லாரிப் படம். "அதைப் பார்த்ததுலருந்து வண்டில பின்பக்கக் கண்ணாடியை மடக்கி வச்சிட்டுத்தான் எடுக்கறேன்." "ஐயோ, அப்ப உங்ககிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவங்க கதி?" என்றார் நூலகர் அம்மா.

யாரும் கண்டுகொள்ளாத நல்ல படம் எது என்று வந்தபோதுதான் குரல்கள் ஏறின. டாக்டர் லிஃப்ட் படத்துக்காக வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அதைப் பார்க்கும்போது நடுவில் நோயாளி ஒருவரின் போன் வந்து ஆறு நிமிடம் வெளியே போனவர் அவர். முழுப் படமும் பார்க்காதவருக்கு அந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்க உரிமை இல்லை: சங்கத்தின் ஒரே விதி. எழுதியவள் நான்.

என் தேர்வு என்றைக்கும் ஒன்றுதான். மூன்றாவதாக எடுத்த அலமாரிப் படம். நாலே நாள் ஓடியது. பிரதியெல்லாம் எரிந்துபோனதாகப் பேச்சு. சங்கத்தில் அதைப் பார்த்தவள் நான் மட்டும்.

"தலைவரே, இது அநியாயம். பார்த்த ஒரே ஆள் நீங்க. பார்க்காதவன் பேசக்கூடாதுங்கறீங்க. அப்ப அந்தப் படத்தை யார்தான் எதிர்க்கறது?" என்றார் டாக்டர்.

"படத்தோட அருமை அப்படி" என்றேன். திமிர்தான்.

அப்போது நூலகர் அம்மா பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். மூடிக் கிடக்கும் தியேட்டரின் சாமான் அறையில் ஒரு பிரதி கிடைத்திருக்கிறது. அலமாரிப் படம். முழுசாக. 22ஆம் தேதி காலை நூலக அரங்கில் காட்டுகிறார்கள். அறிமுக உரை நான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். 

மார்ச் 8, ஞாயிறு

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். நான் அந்தப் படத்தின் முடிவைப் பார்க்கவில்லை.

ஒன்பது வயது எனக்கு. அண்ணனுக்குப் பதினாலு. வீட்டில் பொய் சொல்லிவிட்டு மதியக் காட்சிக்குப் போனோம். ஒரு பெண், தனி வீடு, படுக்கையறையில் ஓர் அலமாரி. உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். டொக். டொக். அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். மூன்றாவது தட்டலில் நான் எழுந்து ஓடிவிட்டேன். கடைசிப் பத்து நிமிடம் அண்ணன்தான் பார்த்தான். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னான்: அவள் கதவைத் திறக்கிறாள், உள்ளே செத்துப்போன அம்மாவின் துணிகள், ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப வைக்கிறாள், தட்டல் நின்றுவிடுகிறது.

அந்த முடிவை வைத்துத்தான் நான் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரை. 'பயத்தையும் மடித்து வைக்கலாம் என்று சொன்ன ஒரே பேய்ப்படம்.' எத்தனை பேர் அந்த வரியை எடுத்துப் போட்டுவிட்டார்கள்! அதைப் படித்துவிட்டுத்தான் டாக்டர் என்னைத் தேடி வந்தார். சங்கம் பிறந்ததே அதில்தான். அது போய்விட்டால் சனிக்கிழமைகளில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

மார்ச் 9, திங்கள்

இன்று படித்த மருந்துச் சீட்டில் 'காரணமற்ற அச்சம்' என்று இருந்தது. எனக்குக் காரணம் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

அண்ணனுக்குப் போன் செய்தேன். முடிவை இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். 

"எந்தப் படம்?"

"அலமாரிப் படம், அண்ணா. நீதானே பார்த்த?"

"அதெல்லாம் எப்பவோ... யாருக்கு ஞாபகம் இருக்கு குட்டி?"

துணியை மடித்து வைப்பாளே என்றேன். "ஆமா, அப்படித்தான் ஏதோ" என்றான். பிரதி கிடைத்திருக்கிறது, காட்டப் போகிறார்கள் என்றதும் குரல் மாறிவிட்டது. "நீ போகாத. சொன்னாக் கேளு. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

ஏன் போகக் கூடாது? அவன் ஏன் அவ்வளவு அவசரமாகச் சொன்னான்? முடிவு வேறாக இருந்தால்? பேய்ப்படச் சங்கத்தின் தலைவி, ஒரு அலமாரிக் கதவைப் பார்த்து எழுந்து ஓடியவள், டாக்டர் ஆறு நிமிடம் போனதற்கு அவர் வாயை அடைத்தவள். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இரண்டு முறை எழுந்து போய் நாற்காலி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். சாய்ந்துதான் இருக்கிறது.

மார்ச் 14, சனி

டாக்டர் இன்று லிஃப்ட் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அடுத்த வாரம் நாங்களும் பார்த்துட்டு வர்றோம் தலைவரே. அப்புறம் சரிக்குச் சமமா சண்டை போடலாம்" என்றார். பாவி மனுஷன், ஆசையாகத்தான் சொன்னார். நான்தான் சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? கால் சுளுக்கு?

மார்ச் 18, புதன்

கனவு. அதே அறை. மூன்றாவது தட்டல். ஆனால் நான் ஓடவில்லை. கால் எழவில்லை. பக்கத்து இருக்கையைத் தடவிப் பார்க்கிறேன், வெறும் இருக்கை. துணி நனைந்திருக்கிறது.

இந்த வெறும் இருக்கை எங்கிருந்து வந்தது? நான்தான் ஓடிவிட்டேனே.

மார்ச் 21, சனி

அண்ணனே போன் செய்தான். "நீ போறதுன்னா நானும் வரேன்." வேறெதுவும் சொல்லவில்லை. அவன் குரலில் இருந்த பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். 

அரங்கில் அறுபது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் சங்கம். மேடையேறி, எழுதி வைத்திருந்த உரையை மடித்துப் பையில் போட்டேன். "நான் இந்தப் படத்தோட முடிவைப் பார்க்கலைங்க. பயந்து ஓடிட்டேன். என் கட்டுரைல இருக்கறது எங்கண்ணன் சொன்ன முடிவு." இவ்வளவுதான் வந்தது. யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்; அந்த முகத்தில் என்ன இருந்தது என்று படிக்கத் தெரியவில்லை. விளக்கு அணைந்தது.

அண்ணன் என் பக்கத்தில். படம் நான் நினைத்ததைவிட மெதுவாகப் போயிற்று. வெயில், ஜன்னல், அலமாரி. முதல் தட்டல். இரண்டாவது. அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. இப்போது என் கால் எழுந்துவிடும் என்று இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது தட்டல்.

எழுந்தது அண்ணன். குனிந்தபடி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வாசலுக்குப் போய்விட்டான்.

அவள் அலமாரியைத் திறக்கவே இல்லை. போர்வையை மடித்து அதன் காலடியில் செருகினாள். தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தாள். இப்போது இடது செருப்பு கழன்றுவிடும் என்று நினைத்தேன். கழன்றது. நிலைப்படியில் இடித்து நிற்கும் என்று நினைத்தேன். நின்றது. எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பார்க்காத படம் எனக்கு எப்படித் தெரியும்? கூடம் வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டு போனாள். மூலையில் கிடந்த நாற்காலியை எடுத்தாள். வேண்டாம், வேண்டாம் என்று நான் வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும். முன்னாலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலியின் முதுகை அலமாரிக் கதவில் சாய்த்து வைத்தாள். படுக்கையறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். கூடம் காலியாகக் கிடந்தது. டொக். நாற்காலிக் கால் தரையில் ஒரு விரல்கடை நகர்ந்தது. படம் முடிந்தது.

முப்பத்து நாலு வருடம். எத்தனை வீடு. எத்தனை கூடம்.

வெளியே ஸ்கூட்டர்கள் நிற்கும் இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தெட்டு வயது ஆள், சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ ஓடல குட்டி. அன்னிக்கும் நான்தான் ஓடினேன். உன்னை விட்டுட்டு ஓடினேன். தெருமுனையில நின்னுக்கிட்டிருந்தேன். எல்லாரும் வெளிய வந்தப்புறம்தான் உள்ள வந்தேன். நீ அப்படியே உக்காந்திருந்த. கண்ணு திறந்திருக்கு, பேச்சு வரல. பாவாடையெல்லாம் நனைஞ்சு..."

"அப்ப நீ சொன்ன முடிவு?"

"வழியில கட்டினது. நீதான் முதல்ல ஓடினன்னும் சேர்த்துச் சொல்லி வச்சேன். வீட்ல மாட்டிக்குவேன்னு பயம். அடுத்த நாளே நீ அதை அப்படியே திருப்பிச் சொன்ன. நம்பிட்டுப் போகட்டும், நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

கோபம் வந்தது. என்னடா மனுஷன் நீ, ஒன்பது வயசுப் பிள்ளைய இருட்டுல விட்டுட்டுப் போவியா, இத்தனை வருஷம் எப்படிச் சோறு இறங்கிச்சு உனக்கு— இதெல்லாம் கேட்டேனா, நினைத்ததோடு சரியா, தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 23, திங்கள்

விடுப்பு. நாள் முழுதும் கூடத்துப் பக்கமே போகவில்லை.

மார்ச் 28, சனி

போகலாமா வேண்டாமா என்று கிளினிக் படியில் பத்து நிமிடம் நின்றேன். டாக்டர்தான் கதவைத் திறந்தார். "வாங்க தலைவரே. விதிப்படி பார்த்தா முழுப் படமும் பார்த்தவங்கதானே நீங்க? ரெண்டு தரம் வேற." நடந்ததையெல்லாம் அவருக்குப் போனில் சொல்லியிருந்தேன்.

லிஃப்ட் படத்தில் அவர் தவறவிட்ட ஆறு நிமிடத்தை மன்னித்து விதியை அடித்துவிட்டேன். உடனே ஆரம்பித்தார்: அலமாரிப் படம் நல்ல படம்தான், ஆனால் நடுவில் இழுக்கிறது, லிஃப்ட் படத்தின் கால்தூசி பெறாது. மாஸ்டரும் நூலகர் அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றேன். என் படத்தை எதிர்த்து முதன்முதலாக ஒருவர் பேசுகிறார். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நூலகப் பலகையில் என் பேரோடு எழுதியிருக்கும், மடித்து வைப்பது பற்றிய அந்த வரியை என்ன செய்வது என்று கேட்டார் நூலகர் அம்மா. "அண்ணன் பேரைப் போட்டுடுங்க" என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் அண்ணன் வந்தான். நாற்காலியை எடுத்தோம். போர்வையை மடித்து அலமாரிக்கு அடியில் செருகி, இருவரும் தோள் கொடுத்துப் படுக்கையறைக்குத் தள்ளினோம். நிலைப்படியில் இடித்தது. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். தள்ளிவிட்டோம்.

நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எதிரே அலமாரி. பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

பதினோரு மணிக்கே கிளம்புகிறேன் என்றான் அண்ணன். இப்போது மூன்று. கூடத்தில் பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். இருக்கிறான்.