கோழிக்கூட்டில் கிடைத்த பானட்

கார் கதவை மூன்று தடவை அறைந்து சாத்தினால்தான் மனம் ஆறுகிற அன்பு மாமாவுக்கு,

நலமா என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தப் போவதில்லை. இங்கே நாங்கள் நலம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தோட்டத்தில் மிளகு நன்றாகப் பிடித்திருக்கிறது. உங்கள் மகள் பூங்கொடி ரொம்ப நாள் என்னோடு பேசாமலிருந்து, போன வாரம்தான் "சோறு போடட்டுமா?" என்று கேட்டாள். காரணம் உங்கள் வண்டி. வேறென்ன?

நீங்கள் இருந்தவரை அந்த வண்டியைப் பற்றி நாம் இருவரும் ஒரு பேச்சையும் முழுதாகப் பேசி முடித்ததில்லை. பாதியில் ஒருவர் எழுந்து போய்விடுவோம். இப்போது உங்களால் எழுந்து போக முடியாது. அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பெண் பார்க்க நாகலூருக்கு வந்த அன்று நினைவிருக்கிறதா? பஜ்ஜி வருவதற்கு முன்பே என் தோளில் கைபோட்டு ஷெட்டுக்குக் கூட்டிப்போனீர்கள். நீங்கள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை உங்கள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன கார் என்றீர்கள். "ஒரு திருகாணிகூட மாத்தலைங்க தம்பி. துரை வுட்டுட்டுப் போன மாதிரியே வெச்சிருக்கறேன்."

நான் தொழிற்சாலையில் பாகங்களின் தரம் பார்க்கிறவன். பழைய கார்களை நோண்டிப் பார்ப்பது பொழுதுபோக்கு. சாவிக்கொத்தில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அதை எடுத்துக் கதவில் வைத்தேன். ஒட்டாமல் நழுவி உங்கள் செருப்பின்மேல் விழுந்தது. "இது தகரம் இல்லீங்க. பாதிக்கு மேல பட்டி பூசி மூடுனது" என்றேன்.

நீங்கள் உள்ளே போய் அத்தையிடம் சொன்னது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "பையனுக்கு வாய் சரியில்ல. கண்ணு நல்லாருக்குது. என்ன பண்ணலாம்ங்கற?"

அத்தை சொன்ன பதில் கேட்கவில்லை. ஆனால் பஜ்ஜி வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகு, ஷெட்டை இடித்துவிட்டுச் சுற்றுலா வருகிறவர்கள் தங்க அறை கட்டப்போவதாக உங்கள் மகன் செந்தில் மச்சான் கிளம்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நியாயமான யோசனைதான். நின்ற இடத்திலேயே நிற்கிற வண்டிக்கு எதற்குக் கூரை? "பழைய இரும்புக்காரன வரச்சொல்லியாச்சுங்க மாப்பிள்ளை" என்று போனில் சொன்னார். அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. உங்கள் மகன் பயந்துபோய் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். பழைய கார் ஆர்வலர்கள் கூட்டமாகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வண்டி ஓட்டி வருகிறார்கள். அவர்களுடைய நடுவர் வந்து பார்த்து, இது அசல்தான் என்று எழுதிக் கொடுத்தால் ஷெட் நிற்கும். கொடுக்காவிட்டால் இரும்புக்கடை.

"ஏனுங்க மாப்பிள்ளை, அந்த வண்டி மட்டும் இங்கியே இருந்துட்டாப் போதும்ங்க" என்றார் அத்தை. எதற்கு என்று கேட்டேன். எனக்குக் காரணம் தெரிந்தால்தான் வேலை ஓடும்.

"சண்ட போட்டா நான் போயி பின் சீட்டுல உக்காந்துக்குவேன். ஊட்டுல எனக்குன்னு இருந்த கதவு அது ஒண்ணுதான். கொஞ்ச நேரங் கழிச்சு அவரு வந்து முன்னால உக்காந்து, 'அம்மா, எங்கீங்க போவோணும்?'னு டிரைவராட்டம் கேப்பாரு. 'எங்கம்மா ஊட்டுக்கு'ம்பேன். வண்டி நின்ன எடத்துலயே நிக்கும். இவரு ஸ்டியரிங்க இப்பிடியும் அப்பிடியும் திருப்பிக்கிட்டு, ஒவ்வொரு வளைவுலயும் வாயாலயே ஆரன் அடிப்பாரு. அடிவாரம் வர்றதுக்குள்ள எனக்குச் சிரிப்பு வந்துரும்ங்க."

இதைக் கேட்ட எந்த மருமகனும் அந்த இடத்திலேயே 'அசல்' என்று சத்தியம் செய்திருப்பான். நான் ஸ்பேனர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். நெற்றியில் ஒரு கம்பெனியின் சின்னம். சக்கர மூடியில் வேறொன்று. ஸ்டியரிங் நடுவில் மூன்றாவது. அந்த வண்டிக்குத் தான் யாரென்றே தெரியவில்லை. அந்தக் கால இங்கிலாந்துக் காரில் அங்குலக் கணக்கு ஸ்பேனர்தான் பொருந்த வேண்டும். உங்கள் காரில் என் மில்லிமீட்டர் ஸ்பேனர் எல்லா இடத்திலும் வழுக்காமல் உட்கார்ந்தது. பின் பம்பர் என்று நீங்கள் துடைத்துக்கொண்டிருந்தது தண்ணீர்க் குழாய். என்ஜினை மூடுகிற பானட்டைத் தூக்கி அடியில் பார்த்தால் வீட்டுக் கூரைத் தகரத்தைத் தட்டி நிமிர்த்திய வரி வரியான தடம். கதவைக் கழற்றினால் உள்ளே சில்வர் ஓக் சட்டம். காபிக்கு நிழல் தர நம் தோட்டங்களில் நிற்கிற அதே மரம்! இதைச் செய்த தச்சருக்கு இங்கிலாந்து எந்தத் திசை என்றாவது தெரியுமா?

அசலாக இருந்தது ஒன்றே ஒன்று, அடிச்சட்டம். சேஸிஸ் எண்ணில் திருத்தல் இல்லை, தேய்த்தல் இல்லை. கடைசி மூன்று இலக்கம் 417.

வீட்டில் வந்து சொன்னேன். பூங்கொடி கையிலிருந்த கரண்டியோடு வந்தாள். "ஏனுங்க, உங்க வாயில ஒரு நல்ல வார்த்தையே வராதுங்களா?"

"வருமே. சேஸிஸ் அசல்."

அன்று நின்ற பேச்சுதான்.

உங்கள் வருஷத் திதிக்குச் சொல்வதற்காக வாழவந்திக்குப் போனேன். உங்கள் கூட்டாளி மாரப்பன் அண்ணன் வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கோழிக்கூடு. அதன் கூரையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். கோழிக்கூட்டுக்கு எதற்கு இவ்வளவு நேர்த்தியான காற்றுப் பிளவுகள்? வரிசையாக, ஒரே சாய்மானத்தில், ஒரே இடைவெளியில்? கேட்காமல் கொள்ளாமல் தூக்கிவிட்டேன். கோழிகள் நாலாபக்கமும் பறந்தன. ஒன்று என் தலைமேல் ஏறி இறங்கியது.

"ஏஞ்சாமி, கறி வேணும்னாக் கேட்டா அறுத்துப் போடமாட்டனா?" என்றார் மாரப்பன் அண்ணன்.

நான் அடிப்பக்கத்தைத் துடைத்தேன். அந்தக் காலத்தில் காரின் மேல்பாகங்களைக் கையால் தட்டிச் செய்வார்கள். ஒரு வண்டிக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது என்பதால், ஒவ்வொன்றின் முதுகிலும் வண்டி எண்ணின் கடைசி இலக்கங்களை அடித்து வைப்பார்கள். கோழி எச்சத்துக்கு அடியில் இருந்தது, 417.

நான் போட்ட சத்தத்தில் மிச்சமிருந்த கோழியும் ஓடிவிட்டது.

"உங்க மாமனாரு குடுத்ததுங்க" என்றார் அண்ணன். "ஒரு மழைல வண்டிய வளைவுல பாறை மேல உட்டுட்டாரு. மூடி நசுங்கிப் போச்சு. எங்கூட்டுக் கூரைத் தகரம் ஒண்ண எடுத்துக்கிட்டாரு, இத எங்களுக்குக் குடுத்தாரு. துரை வண்டிச் சாமான், பத்திரமா வெச்சுக்கன்னாரு. வெச்சிருக்கறனே!"

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமில்லை. கேட்டுக் கேட்டு அலைந்தேன். உங்கள் டிக்கி மூடி, வெள்ளக்கடை ஊரில், கதவுச் சட்டம் செய்த அதே தச்சர் வீட்டில் காபிக்கொட்டை சலிக்கிறது. முன்விளக்கு நாகலூர் டீக்கடையில் சாமி படத்துக்கு எரிகிறது. ரப்பர் ஆரன் ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தில் குரங்கு விரட்டுகிறது. ஆரனைப் பார்க்க வேண்டும் என்றதும் தோட்டக்காரர் சந்தேகமாக, "பாருங்க, ஆனா அடிக்காதீங்க. சும்மா சும்மா அடிச்சாக் குரங்குக்குப் பயம் தெளிஞ்சுரும்" என்றார். ஒரு பொருள் பழுதானால் மாற்றுப் பொருளை யார் கொடுத்தார்களோ, பழசு அவர்களுக்கு. இந்தப் பக்கத்தில் எத்தனை வீட்டோடு இந்தக் கணக்கு வைத்திருந்தீர்கள்?

வீட்டுக்கு வந்து அத்தையிடம் மெதுவாக ஆரம்பித்தேன், மனம் உடைந்துவிடக் கூடாதே என்று. அவர் அரிசி எடுத்துக்கொண்டே சொன்னார்: "இந்த அண்டா மூடி என்னன்னு நெனச்சீங்க?"

அது சக்கர மூடி. 

"அப்ப எல்லாருக்கும் தெரியுமா? ஒரு திருகாணிகூட மாத்தலைன்னு மாமா சொல்றப்பல்லாம் ஒருத்தருமே ஏன் கேக்கல?"

"அவரு சொல்றப்ப நொம்ப நல்லாருக்கும்ங்க மாப்பிள்ளை."

அந்தச் சக்கர மூடியைத் துடைத்து அண்டாமேல் வைத்தேன்.

நடுவர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் டார்ச், தரையில் படுத்துப் பார்க்க ஒரு சாக்கு. துரை வண்டிக்குப் பரீட்சை என்று எப்படியோ சேதி பரவி, வாசலில் திருவிழாக் கூட்டம். உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பாகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மாரப்பன் அண்ணன் பானட்டை மொபெட்டின் பின்னால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அத்தை போய் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"வண்டிய முழுசாப் பார்த்தவங்க யாரு?" என்றார் நடுவர். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். பூங்கொடி மட்டும் வானத்தைப் பார்த்தாள்.

நான் இந்த வீட்டு மாப்பிள்ளை, என் பேச்சைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலில் சொன்னேன். பிறகு குழாய், கூரைத் தகரம், சில்வர் ஓக் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளக்கடைத் தச்சர் முன்னால் வந்து, "சார், நல்லா முத்துன மரமுங்க, இன்னிக்கு வரைக்கும் பூச்சி அரிக்கல" என்று சான்று சொன்னார். நடுவர் கீழே பரப்பி வைத்த பாகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். 417. மறுபடி 417. அவர் கண்ணில் என்னிடமும் இருக்கிற அந்தக் கார்ப் பைத்தியம் தெரிந்தது.

"அசல் வண்டிதான்" என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் கையை உயர்த்தினார். "ஷெட்ல நிக்கிறது இல்லீங்க. தரையில கிடக்கிறது. இதையெல்லாம் பழையபடி மாட்ட முடியுமா?"

இதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. முடியாது. பானட்டில் கோழி பார்க்க ஒரு ஜன்னல் வெட்டியிருக்கிறது. டிக்கி மூடி முழுக்கச் சல்லடை ஓட்டை. நடுவர் எனக்குக் கைகொடுத்துவிட்டு, சான்றிதழ் தர வழியில்லை என்று வருத்தமாகச் சொன்னார். பின் சீட்டில் அத்தையின் தலை குனிந்தது.

செந்தில் மச்சான் ஆட்டம் போடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "சரிங்க. பேசுனபடி இரும்புக்காரன வரச்சொல்றேன்" என்று போனை எடுத்தார்.

மாரப்பன் அண்ணன் குறுக்கே வந்தார். "இரு கண்ணு. அப்ப எங்க தகரம்?"

"எந்தத் தகரம்ங்க?"

"வண்டி மேல மூடியிருக்குதே, அதுதான். உங்கப்பனுக்குக் குடுத்தது, வண்டி ஓடட்டும்னு. இரும்புக்கடைக்குப் போடறதுக்கா குடுத்தேன்? கழட்டிக் குடுத்துரு, கொண்டு போறேன்."

"கதவுச் சட்டம் எங்களதுங்க" என்றார் தச்சர்.

"பின்னால இருக்கற பைப்பு நம்ம தோட்டத்துது" என்றார் ஆரஞ்சுத் தோட்டக்காரர். டீக்கடைக்காரர் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெஞ்சுப் பலகையைக் கேட்டார். பத்து நிமிஷம் முன்பு காரைக் காப்பாற்ற வந்தவர்கள் இப்போது அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மச்சான் என்னிடம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க. இதுல எனக்குன்னு என்னதான் மிச்சம்?"

நான் உள்ளதைத்தானே சொல்ல முடியும்? "சேஸிஸ், மச்சான். அதுல நாலு சக்கரமும் இருக்குது, ஆனா மூணுதான் நம்மளது."

முதல் சிரிப்பு காருக்குள்ளிருந்து வந்தது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம் மச்சானுக்கே தாங்கவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

ஆக மாமா, உங்கள் வண்டி போலியாக இருந்ததால்தான் பிழைத்தது. அந்தப் பாகங்களை ஊராரிடம் மாற்றிக்கொள்ளாமல் கடையில் வாங்கிப் போட்டிருந்தீர்களானால் இந்நேரம் அது கம்பியாக உருகியிருக்கும். மச்சான் இப்போது ஷெட்டுக்கு மேலே தூண் எழுப்பி அறை கட்டுகிறார். நான் சனி ஞாயிறுகளில் வந்து வண்டியை ஓடவைக்கும் வேலையில் இருக்கிறேன்.

பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஒழுகியது. கழற்றிக் கீழே வைக்கிறேன், தச்சர் அதற்குள் வாசலில் நிற்கிறார். "ஏனுங்க மாப்பிள்ளை, பழசு யாருக்குங்க?" குப்பைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தச்சர் கொண்டுவந்திருந்த மருந்தடிக்கிற டேங்க்கைப் பார்த்தேன். அளவு கச்சிதம், தடிமன் அசலைவிட மேல். வாங்கிக்கொண்டேன். பழசைக் கொடுப்பதற்கு முன், உளியும் சுத்தியலும் எடுத்து அதன் முதுகில் 417 என்று பெரிதாக அடித்து, பக்கத்திலேயே 'பின்னாளில் அடித்தது' என்றும் சேர்த்தேன். பின்னால் வருகிற நடுவர் ஏமாறக் கூடாது இல்லையா?

பிரேக்கை மட்டும் யாரிடமும் மாற்றி வாங்கவில்லை. சேலத்தில் புதிதாகவே வாங்கிப் போட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் அசலும் கிடையாது, நட்பும் கிடையாது.

வருகிற தை மாதம் அத்தையை உட்காரவைத்து, முதல் கியரிலேயே ஊர்ந்தாவது மலையிறங்கி, அவர் அம்மா வீட்டு வாசலில் உண்மையாகவே கொண்டுபோய் நிறுத்துவேன். வழியில் யாராவது அசல் வண்டியா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். எது யார் வீட்டுத் தகரம், எது யார் வீட்டு மரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். நேரமாகும். நின்று கேட்கட்டும்.

இப்படிக்கு,
பூங்கொடியின் வீட்டுக்காரன், உங்கள் வண்டிக்கு இப்போதைய டிரைவர்,
உங்கள் மருமகன் தினேஷ்