காற்றுக் கோபுரத்தின் நிறையும் குறையும்

நேற்று உன் தங்கை உன் மடிக்கணினியைக் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மூடியைத் திறந்ததும் தைல வாசனை. கடைசி மாதங்களில் விரல் மூட்டுகளில் அதைத் தடவிக்கொண்டுதானே வேலை செய்தாய். எழுத்துப் பொத்தான்களின் இடுக்கில் இன்னும் இருக்கிறது.

"ராத்தா, அக்காட கேமை விளையாடின ஒராள் எழுதியிருக்கு," என்றாள், மூத்த சகோதரியை நாங்கள் அழைக்கும் சொல்லாலேயே என்னைக் கூப்பிட்டு. "எல்லாம் நல்லமாம். கடைசிக் கோபுரம் மட்டும் சட்டெண்டு முடிஞ்சு போகுதாம். பதில் என்ன போட?"

அந்தக் கோபுரம் என் சொல்லைக் கேட்டு நீ வெட்டிச் சுருக்கியது. அவளுக்குப் பதில் சொல்லுமுன் உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் போலிருந்தது.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்களில், நுரைச்சோலையில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு நீ குடிவந்தாய். பகலில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்தாய், மிச்ச நேரத்தில் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாய். அதை விளையாடிக் குறை சொல்ல என்னைக் கூப்பிட்டபோது சிரித்துவிட்டேன்.

"எனக்கு கேமைப் பத்தி என்னடி தெரியும்?"

"அதாலதான் கேட்டன். தெரிஞ்சவங்க பாய்ஞ்சு பாய்ஞ்சு போயிருவாங்க. நீ அரிசியில கல்லுப் பொறுக்கிற மாதிரிப் பாப்பாய்."

வீட்டுக் கணக்குக்குப் போடுவதைப் போல ஒரு கொப்பியில் நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் நிறை, வலப்பக்கம் குறை. மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தால் பின்னேரம் அஸர்வரை உன் உலகத்தில்தான் இருப்பேன். காற்றை ஓர் அரக்கன் கோபுரத்தில் பூட்டி வைத்திருக்கிறான். ஒரு பெண்பிள்ளை உப்புக் குன்றுகளில் தாவித் தாவிப் போய் அதை மீட்க வேண்டும். கூடவே சிறகுள்ள ஒரு கழுதை. கற்பிட்டி ரோட்டில் நடுவே நின்று பஸ்ஸை மறிக்கும் கழுதைகளைப் பார்த்துத்தான் வரைந்தாய் என்று எனக்குத் தெரியும். சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள், ஒரு காதைத் தொங்கவிட இரண்டே புள்ளிதான் மாறும், ஆனால் அதன் கவலை அப்படியே தெரியும். நிறையில் முதலாவதாக அதைத்தான் எழுதினேன். உப்பில் நடந்தால் ஒரு சத்தம், மணலில் நடந்தால் வேறு சத்தம் என்பதை இரண்டாவதாக எழுதினேன்.

குறையில் முதலாவது, அந்தச் சிலை. விளையாட்டைச் சேவ் பண்ண வேண்டுமென்றால் பிள்ளை ஒரு கற்சிலைக்கு முன்னால் முழங்காலிட வேண்டும்.

"அது எங்கட சேர்ச்சு மாதா இல்லடி, சும்மா ஒரு கல்லுப் பொம்ம," என்றாய்.

"பொம்மையா இருந்தாலும், பட்டனை அமத்துறது என்ட விரல்தானே?"

"அப்ப சேவ் பண்ணாமத்தான் ஓடப் போறியா?"

"ஓம்."

விழுந்து விழுந்து ஒன்பது தரம் ஆரம்பத்திலிருந்து ஓடினேன். நீ இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாய். மூன்றாம் நாள் பார்த்தால் சிலைக்குப் பக்கத்தில் ஒரு கல் ஆசனம். "என்ட பொம்ம இருக்கட்டும். நீ அதில இருந்து சேவ் பண்ணு மகாராணி." பிள்ளை உட்கார்ந்ததும் கழுதை வந்து அவள் மடியில் தலை வைத்தது. அதை நிறையில் சேர்த்தேன்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது, குணமாகாத நோய். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த நாட்களிலும் கோபுரத்தை வரைந்தாய், அடுக்கடுக்காக ஒன்பது தட்டுகள். என்னிடம் தந்துவிட்டு என் முகத்தையே பார்த்தாய். ஏறிப் பார்த்தேன், ஒரே இருட்டு, படியின் விளிம்பு தெரியவில்லை, முடியவே முடியாததுபோல் நீளம். ஆனால் கொப்பியில் குறை எழுதும் வலப்பக்கத்தை வெறுமையாக விட்டேன். திருத்தச் சொன்னால் உனக்கு மிச்சமிருக்கும் நாட்களை அது தின்றுவிடும் என்று பயந்தேன்.

கொப்பியை வாங்கிப் பார்த்தாய். "கடைசிக் கட்டத்துக்குக் குறையே இல்லயா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"ஒரு கல்லுக்கு முன்னால முழங்காலிட மாட்டன் எண்டு ஒம்பது தரம் ஓடினவள் நீ. இப்ப என்ட வருத்தத்துக்கு முன்னால முழங்காலிடுறியா?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாய், மாதக்கணக்கில் உன் முகத்தில் காணாத ஒரு உற்சாகத்தோடு. அடுத்த கிழமை கோபுரத்துக்குள் வெளிச்சம் வந்திருந்தது, ஒன்பது தட்டு நான்காகியிருந்தது. "இப்ப சொல்லு" என்றாய். "இப்ப நல்லம்" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அதைக் கேட்ட பிறகு நீ அதிக நாள் இருக்கவில்லை.

நேற்று உன் தங்கை போன பின் அந்தக் கோபுரத்தில் திரும்பவும் ஏறினேன். எழுதிய ஆள் சொன்னது சரி. காற்றின் இசை மேலெழ ஆரம்பிக்கும்போதே உச்சி வந்துவிடுகிறது. இருட்டு உன் குறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீளம் அப்படியல்ல. நீ இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று நான் பதறிப் பதறி ஓடினேன், அந்தப் பதற்றத்தில் ஒவ்வொரு தட்டும் எனக்கு நீண்டது. அதைக் கோபுரத்தின் குறையாகச் சொல்லிவிட்டேன். கொப்பியைத் தேடியெடுத்து வலப்பக்கத்தில் எழுதினேன்: கோபுரம் குட்டை. காரணம் நான்.

இன்று காலை உன் தங்கையிடம் அதையே சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். "வெட்டினதை அக்கா அழிக்கல்ல ராத்தா," என்றாள். "குப்பை எண்டு பேர் வச்சு ஒரு பக்கத்தில போட்டிருக்கிறா. அஞ்சு தட்டும் அப்பிடியே கிடக்கு."

ஐந்தையும் பார்த்தோம். இரண்டை விட்டோம், அவை உண்மையிலேயே சரியில்லை, நீ இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். உன்னிடமே கணினி படித்தவள், மூன்றைத் திரும்பச் சேர்க்கிறாள். முதலாவது மதியமே தயாராகிவிட்டது. உப்புத் தூண்கள் காற்றில் ஆடும் தட்டு, நீ வரைந்தபடியே, வெளிச்சம் மட்டும் புதிது. தொழுகைக்குப் பின் உன் தங்கைக்காகத் துஆக் கேட்டுவிட்டு வந்து அமர்ந்தேன். நான்கு தரம் ஏறினேன், நான்கு தரமும் விழுந்தேன்.

"தூண்களைக் கொஞ்சம் கிட்டக் கிட்ட வைக்கட்டா ராத்தா?" என்றாள்.

இன்னொரு தரம் நிதானமாகத் தாவிப் பார்த்தேன். விழுந்தேன்தான், ஆனால் விளிம்பு காலில் பட்டது.

"வேணாம்," என்றேன். "இது சரியாத்தான் இருக்கு. நான் பழகிக்கிறன்."