இரண்டாவது குளிர் சட்டை

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அத்தை மூன்று பேரும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். எப்போதும் உன் நலமறிய ஆவல் என்று எழுதுவேன், இந்தமுறை ஆவல் என்று எழுத வரவில்லை, பயம் என்றுதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை போனை வைப்பதற்கு முன்னால் நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, அதுதான். பிஸ்கட் கம்பெனியில் அடுப்பு வரிசையில் நின்று நிறம் பார்க்கும்போது இடது கண்ணுக்கு எல்லாம் வெளிறித் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று விட்டதில் ஒரு வரிசை முழுக்கக் கருகிவிட்டது, சூப்பர்வைசர் வந்து என்னம்மா கிழவி, கண்ணாடி வாங்கித் தரட்டுமா என்று கிண்டல் பண்ணினார் என்றாய். வெளியே வந்து குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்றும் சொன்னாய். அப்பா சிரித்தார். அத்தை, கருகினதை யார் தலையில கட்டினாங்க என்று கேட்டாள். நான் சாப்பிட்டியா என்று கேட்டேன்.

மறுபடி போன் செய்து சொல்லலாம்தான். நீ உடனே, அம்மா, எதை எடுத்தாலும் உன் வியாதியோட முடிச்சுப் போடாதே என்று சொல்லி வைத்துவிடுவாய், எனக்கும் குரல் உடைந்துவிடும். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். குளிர் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அதன் பைகள் இளகுகிற வரைக்கும்தான் கை சொன்ன பேச்சைக் கேட்கும், அதற்குள் முடித்துவிட வேண்டும். நடுவில் எழுத்து கோணினால் அம்மாவுக்கு என்னவோ என்று பதறாதே, பை இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்.

அந்தச் சட்டையைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை இல்லையா. நான் நடை பழகப் போகிற பயிற்சி நிலையத்தில் இப்போது ஒரு பிசியோ வருகிறாள், உன் வயதுதான் இருக்கும், வாய் உன்னைவிட நீளம். முதல் வாரம் நான் இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவில் பாதி தூரம் நடப்பதற்குள் இடது கால் கட்டைவிரல் தரையைத் தேய்க்க ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் கால் என்னுடையது இல்லை. அவள் பார்த்துவிட்டு, அக்கா, உங்களுக்குத் தெம்பு இல்லாம இல்ல, சூடு ஏறுது என்றாள். நரம்புக்கு மேலே ஒரு உறை இருக்கிறது, எனக்கு அது அங்கங்கே பிய்ந்திருக்கிறது, உடம்பில் கொஞ்சம் சூடு கூடினாலும் மூளை அனுப்புகிற சேதி அந்த இடத்தில் நின்றுவிடுகிறது, குளிர்ந்தால் தட்டுத்தடுமாறியாவது போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று விளக்கினாள். அப்பாவுக்கு இது உடனே புரிந்துவிட்டது, யந்திரம் பழுது பார்க்கிறவர், உறை பிய்ந்த ஒயர் என்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரை இத்தனை நாளில் ஒருமுறைகூடத் திருத்தமாகச் சொன்னதில்லை அவர், அன்று என்னவோ அந்த வியாதியே தன் தொழிலில் ஒரு கிளை என்பதுபோல் தலையை ஆட்டினார். அதன் பிறகு நடப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் குளிர் சட்டை போட்டுவிடுகிறார்கள், முன்னால் நாலு பை, முதுகில் இரண்டு, உள்ளே உறைந்த ஜெல். தோலில் நேராகப் படக்கூடாது, மெல்லிய துணி இருக்க வேண்டும், எனக்கு இடது பக்கம் சூடும் குளிரும் சரியாகத் தெரியாது என்பதால் யாராவது நடுநடுவே தோலைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் போட்டுக்கொண்டு கம்பியின் அந்தக் கோடிக்குப் போய் நானே திரும்பியும் வந்துவிட்டேன். பிசியோ, அக்கா, பஸ்ஸைப் பிடிக்கப் போறீங்களா, மெதுவா என்றாள். நான் அழுதுவிட்டேன், அவள் பார்க்காதமாதிரி வேறு பக்கம் திரும்பி யாரையோ அதட்டினாள்.

வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று அப்பா தன் பழைய வேலைச் சட்டையை வெட்டிப் பை வைத்துத் தைத்தார். ஊசி பிடிக்கத் தெரியாத மனிதர், விரலெல்லாம் குத்திக்கொண்டார், ஆனால் சட்டை நன்றாகவே இருக்கிறது. அதோடு நிறுத்தியிருக்கலாம். குளிர்பதனக் கிடங்கில் காலமெல்லாம் மீனையும் இறைச்சியையும் காப்பாற்றினவர், கொஞ்சம் குளிருக்கே இவ்வளவு நன்மை என்றால் நிறையக் குளிருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டார். உன் அறையைக் காலி செய்து, கதவு இடுக்கில் கிடங்குக் கதவுக்கு ஒட்டுகிற ரப்பரை ஒட்டி, வேலையிடத்தில் கழித்துப் போட்ட ஒரு குளிரூட்டும் யந்திரத்தைக் கொண்டுவந்து மாட்டினார். அத்தை, அவ மனுஷியா மாம்பழமா, சளி பிடிச்சுக்கும்டா என்று கத்திக்கொண்டே இருந்தாள். அவர் என்னை உட்கார வைத்து, இப்ப பாரு, நாளைக்கு நீ ஓடுவ என்று சொல்லிவிட்டு யந்திரத்தின் வெளிப்பெட்டிச் சத்தத்தைச் சரி செய்யப் பின்பக்கம் போனார். முதலில் சுகமாகத்தான் இருந்தது. பிறகு தொடை இறுக ஆரம்பித்தது, முழங்கால் இரண்டும் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு மடங்க மாட்டேன் என்றன, தாடை அடித்துக்கொண்டது, கூப்பிட வாயைத் திறந்தால் பல்தான் தந்தி அடித்தது. ஆளைக் கூப்பிட நான் அடிக்கிற மணி பக்கத்தில்தான் இருந்தது, கை போகவில்லை. கதவு ரப்பர் ஒட்டின கதவு, சத்தம் வெளியே போகாது. அங்கே உட்கார்ந்து நான் என்ன நினைத்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். அப்பா வந்து பார்த்து, மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அடுத்த நாள் பிசியோ அவரை நிற்க வைத்துத் திட்டினாள். சார், அக்கா மீன் பெட்டி இல்ல, ரொம்பக் குளிர்ந்தா தசை இறுகிடும், உங்களுக்கு யார் சொன்னது இப்படிச் செய்ய என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, மீனுக்கு எத்தனை டிகிரின்னா எனக்குத் தெரியும்மா, மனுஷங்களுக்கு எத்தனைன்னு யாரும் சொல்லித் தரலையே என்றார். யந்திரத்தை அன்றே கழற்றிவிட்டார். ரப்பர் இன்னும் உன் கதவில் இருக்கிறது, பிய்த்தால் பெயின்ட்டோடு வருகிறது.

இதையெல்லாம் வளவளவென்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர் எனக்குச் செய்கிற நன்மையை நான் நன்றாக அறிந்தவள், அதனால்தான் பாட்டிலை வைத்தால் சரியாகிவிடுகிறது என்று நீ சொன்னபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கண் மங்குகிறது என்று மட்டும் நீ சொல்லியிருந்தால் தூக்கம் போதவில்லை என்று நினைத்திருப்பேன். சூட்டில் மங்குகிறது, குளிர்ந்தால் திரும்புகிறது என்பது நான் தினமும் வாழ்கிற வாக்கியம். எனக்கும் கண்ணில்தான் ஆரம்பித்தது. அப்போது வேலை பார்த்த அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு கண்ணுக்கு எழுத்தெல்லாம் சாம்பலாகத் தெரிந்தது, மை குறைவு என்று தாளைத் திருப்பித் திருப்பி அனுப்பினேன், யந்திரக்காரர், மை சரியாத்தான் இருக்கு மேடம், வேணும்னா விரலை வச்சுப் பாருங்க என்று கறுத்த விரலைக் காட்டினார். நான் மையைச் சந்தேகப்பட்டேன், நீ அடுப்பைச் சந்தேகப்படுகிறாய், வித்தியாசம் அவ்வளவுதான். டாக்டர் ஒரு சிவப்புப் பேனா மூடியை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொன்னார், ஒரு கண்ணுக்குச் சிவப்பு, இன்னொரு கண்ணுக்குப் பழைய செங்கல். நீ ஒரு நாள் அதைச் செய்து பார். இல்லை, செய்து பார்க்காதே, நேராக டாக்டரிடமே போ.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதே, நான் பயந்துபோய் எழுதுகிறேன், இரண்டும் வேறு. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வந்தே தீரும் என்று ஒன்றும் இல்லை, நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு வந்தாலே அதிகம் என்று நீ பள்ளியில் படிக்கிற காலத்திலேயே டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன், வாயால் கேட்கக் கூசித் தாளில் எழுதி நீட்டினேன். உன் கண்ணுக்கு வேறு காரணம் ஆயிரம் இருக்கலாம். ஆனால் குளிர் எதையும் குணமாக்குவதில்லை குட்டி, அது கொஞ்ச நேரம் இடம் கொடுக்கிறது, அந்த நேரத்தில் நான் நடக்கப் பழகுகிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவளுக்கு அது உதவி. தெரியாதவளுக்கு அது திரை. பாட்டிலை வைத்து வைத்துச் சமாளித்துக்கொண்டே நீ காலத்தைக் கடத்திவிடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும், காய்ச்சலோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து வாசலில் விழுந்தவள்தானே நீ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. போனில் அப்பா சிரித்தாரே, அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று நான் மனதுக்குள் கோபமாக இருந்தேன். நேற்று சாப்பாட்டு மேஜையில் மறுபடி ஊசியும் துணியுமாக உட்கார்ந்திருந்தார். எதுக்கு இன்னொண்ணு என்று கேட்டேன், ஒண்ணு துவைக்கப் போட்டா இன்னொண்ணு வேணும்ல என்றார். எடுத்து என் மேல் வைத்துப் பார்த்தேன், தோளில்கூட நுழையாது. அடியில் அளவுக்காக விரித்து வைத்திருந்தது உன் நீல விளையாட்டுச் சட்டை. நான் நிமிர்ந்து பார்த்தேன், அவர் நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, போன்ல நீ மட்டும்தான் கேட்டியா என்றார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது, வாயில் போட்டு விழுங்க முடியாத கோபம். இப்படித் தைத்து வைத்து வரவேற்பீங்களா என்று ஊசியைப் பிடுங்கிவிட்டேன். அவர் துணியை நாலாய் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு உன் கதவு ரப்பரைச் சுரண்டப் போனார். ஒரு பக்கத் தையல் போட்டாகிவிட்டது, இன்னொரு பக்கம் திறந்து கிடக்கிறது. கோபம் தணிந்த பிறகுதான் தெரிந்தது, என் பயத்துக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது, அதனால் அது இரட்டிப்பாகிவிட்டது.

முதுகுப் பை இளகிவிட்டது, கை கனக்கிறது, அப்பா எட்டிப் பார்த்து மீதியை நான் எழுதட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். இந்த வாரமே போ. கண்ணாடிக் கடைக்குப் போகாதே, நரம்பு டாக்டரிடம் போ, அம்மாவுக்கு எம்.எஸ். இருக்கிறது என்று உட்காரும்போதே முதல் வார்த்தையாகச் சொல். தனியாகப் போகாமல் கூட வேலை செய்கிற பெண்ணை அழைத்துக்கொண்டு போ. அதுவரை அடுப்புப் பக்கம் நிற்காமல் வேறு வேலை கேள், கிழவி என்றால் ஆமாம் சார் என்று சொல்லிவிட்டுப் போ. வேலையை விட்டுவிட்டு இங்கே ஓடி வராதே, என்ன சொன்னார்கள் என்று போன் செய், நல்லதோ கெட்டதோ என்னிடம் முதலில் சொல், அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன். அத்தை உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள், எங்கள் பயம் அவளுக்கு இன்னும் தெரியாது. நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த கண்ணோடும் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கிறது. நீ போன் செய்கிற வரைக்கும் அந்தச் சட்டை அலமாரியில் அப்படியே கிடக்கும். ஒன்றுமில்லை என்று மட்டும் சொல், அன்றைக்கே அதை வெட்டிச் சூடான பாத்திரம் இறக்குகிற கரித்துணியாக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
எழுத்து கோணினாலும் தானே எழுதி முடித்த
உன் அம்மா