ரைஸ்மில் நிறுத்தத்தில் ஒரு சுரங்கப்பாதை

12 ஆகஸ்ட் 2024

காலை முழுக்க ரைஸ்மில் நிறுத்தத்தில் நின்றேன். புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் கம்பெனி பஸ் நிற்கும் இடம். நடுவே சென்டர் மீடியன் தடுப்பில், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. ஷிப்ட் முடிந்து இறங்கும் பெண்கள் கைகோத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே அந்தச் சந்தைப் பார்த்து ஓடுகிறார்கள்.

எங்கள் பல்கலைக்கழகமும் சாலைத் துறையும் சேர்ந்து நடத்தும் ஆய்வு. களப்பணி என் பொறுப்பு. பொன்னி என்று ஒரு பெண், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்பவள், தயங்கியவர்களையெல்லாம் இழுத்து வந்து என்னிடம் பேச வைத்தாள். "இந்தம்மா எழுதிக்கினு போயி நமக்கு ஒரு வழி பண்ணுவாங்க" என்றாள். நான் மறுக்கவில்லை.

21 அக்டோபர்

அறிக்கை முடிந்தது. சுரங்கப்பாதைதான் தீர்வு என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியர் மாணிக்கவேல் படித்துவிட்டு, "பிரமாதம் தேவி" என்றார். வரும் வழியில் பூ வாங்கி வைத்துக்கொண்டேன்.

18 நவம்பர்

துறை அலுவலகத்தில் கூட்டம். பொறியாளர் வேணுகோபால் அறிக்கையைப் பிரிக்கக்கூட இல்லை. மீடியனில் இருக்கும் சந்தில் சுவர் வைத்து மூடுவதென்று முன்பே முடிவாம். வேலையைக் காண்டிராக்டருக்குக் கொடுத்தும் ஆயிற்று. "யாரும் குறுக்க வரலன்னா விபத்தே கிடையாதே மேடம்."

பிறகு எதற்கு எங்களை வெயிலில் நிற்க வைத்தீர்கள்? — கேட்கவில்லை. மாணிக்கவேல் சாரைப் பார்த்தேன். சார் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

25 நவம்பர்

சுரங்கப்பாதையைச் சாரே எடுத்துவிட்டார். இப்போது அறிக்கை சுவரைப் பரிந்துரைக்கிறது. "அடுத்த வருஷமும் துறை நம்மகூட இருக்கணும்ல? உன் வேலையும் அதுலதானே இருக்குது."

9 ஜனவரி 2025

சுவர் எழும்பிவிட்டது. பெண்கள் சேலையைச் சொருகிக்கொண்டு ஏறிக் குதிக்கிறார்கள்.

30 ஜனவரி

பொன்னி. சுவரிலிருந்து இறங்கியவளை வேன் அடித்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் அம்மா அங்கம்மாள் வார்டு வாசலிலேயே மறித்தாள். "நீ வந்து கேட்டுக்கினு போனியே, சும்மா இருந்திருந்தா அந்தச் சந்தாவது இருந்திருக்கும். போம்மா."

உள்ளே பொன்னி விழித்துத்தான் இருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

10 பிப்ரவரி

கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். வேணுகோபால் எழுந்து, "யுனிவர்சிட்டி சொன்னபடிதான் செஞ்சோம்" என்றார்.

நானும் எழுந்துவிட்டேன். "இல்ல சார். அங்க நின்னவ நான். சுரங்கப்பாதைன்னுதான் எழுதினேன். ரெண்டு பேரும் சேர்ந்து அதை எடுத்துட்டீங்க."

மாணிக்கவேல் சார் செல்போனிலிருந்து தலை நிமிரவே இல்லை. மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி கலெக்டர் உத்தரவு. பரிசீலிக்கட்டும்.

31 மார்ச்

பல்கலைக்கழகத்தில் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. "உணர்ச்சிவசப்பட்டுட்டே" என்றார் சார். நானா? இடுப்பு உடைஞ்சவ அங்க கெடக்குறா, இவருக்கு என் உணர்ச்சிதான் கண்ணுல படுதா?

16 ஜூன்

புது வேலை. ரைஸ்மில் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்.

வழியில் பொன்னி. கோலூன்றி நடக்கிறாள். கம்பெனியில் திரும்ப எடுக்கவில்லையாம். "நம்ம ரெண்டு பேருக்கும் வேலை போச்சு, இல்லமா?" என்று சிரித்தாள். எனக்கு வேறு கிடைத்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

22 செப்டம்பர்

பஸ் தாமதம். முதல் வகுப்பு என்னுடையது. சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தேன்.

பல்கலைக்கழக அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் ஓடிவந்தாள். துறையோடு மறுபடி கூட்டு ஆய்வாம். பாதசாரிகள் ஏன் விதியை மீறுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. மாணிக்கவேல் சார்தான் நடத்துகிறாராம்.

"ஒரே கேள்வி மேடம். ஏன் சுவரைத் தாண்டி வந்தீங்க?"

வெயிலில் அவள் முகம் கறுத்திருந்தது.

"வேலைக்கு லேட்டாயிடுச்சுமா" என்று சொல்லிவிட்டு, சேலையில் ஒட்டிய சிமெண்ட் தூசைத் தட்டிக்கொண்டு நடந்தேன்.