மேனேஜருக்கு மாதம் ஒரு மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஆஸ்பத்திரி கவுன்டரில் உட்கார்ந்து பல்லைக் காட்டினேன். மனிதர்களுக்கான ஆஸ்பத்திரி இல்லை. நாய், பூனை, எப்போதாவது ஒரு கிளி. வருகிறவர்களிடம் “பூச்சி மாத்திரை மாசா மாசம் குடுக்கிறீங்களா?” என்று கேட்பதும் என் வேலையில் சேர்த்தி. ஒருவர், தன் நாய் மினரல் வாட்டர் மட்டுமே குடிக்கும் என்றார். நல்லது, புழுவுக்கும் தாகம் எடுக்குமே. இன்னொரு அம்மாள், தன் நாய் ‘அந்த மாதிரி’ இடத்துக்கெல்லாம் போகாது என்றார். அது அப்போது என் மேஜைக்கடியில் குப்பைக்கூடையில் தலையை விட்டுக்கொண்டிருந்தது.

வீட்டிலும் இதே கச்சேரிதான். நாங்கள் இருப்பது ஊரின் கடைசித் தெரு. தோட்டம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. காட்டிலிருந்து நரி வந்து எங்கள் குப்பைக்குழியைக் கிளறும். அது போன வழியிலேயே எங்கள் நாய் போய் எலி பிடிக்கும். நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது நான். எல்லாரையும் முறைக்கும், ஒரு வேலையும் செய்யாது. தம்பி மனைவிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: மகாராணி. அது இந்த நோட்டோடு சரி.

மேனேஜருக்கான மாத்திரையைக் கொண்டுபோய் மகாராணியிடம் நீட்டினேன், வாங்கவில்லை. மகாராணி தம்பியிடம் சொன்னது மாடிப்படி வரை கேட்டது: “உங்க அக்கா ஆஸ்பத்திரி வியாபாரத்தை வீட்டுக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க.”

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மேனேஜர் ஒரு வயல் எலியைப் பிடித்து, பாதியைத் தின்று, மீதியைக் கால்மிதியில் வைத்தது. பங்கு போடும் நல்ல குணம். பிறகு அதே வாயால் மகாராணியின் கன்னத்தை நக்கியது. அவளும் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கை கழுவுவது எப்படி என்று பாட்டே சொல்லிக்கொடுக்கிற டீச்சர் இவள்!

மூஞ்சியைக் கழுவு என்றேன். “அவன் என்னை விட சுத்தம் அண்ணி” என்றாள். அதில் நான் கருத்துச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு நரி மாமா மதில்மேல் வழக்கம்போல் கோழி எலும்பு வைத்துக்கொண்டிருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு நரிகளுக்கு விருந்து வைப்பதை உத்தியோகமாக எடுத்துக்கொண்டார். நரி எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்றெல்லாம் இந்தத் தெருவில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

மார்ச் 10

மகாராணி என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

மார்ச் 22

அவளுக்கு விலாவுக்குக் கீழே வலது பக்கம் வலியாம். ஒரு மாதமாகவே இருக்கிறதாம். நேற்று நான் வைத்த குழம்பால்தான் என்று தீர்ப்பு. ஒரு மாத வலிக்கு நேற்றைய குழம்பு எப்படிக் காரணம் என்று கேட்டால், என் குழம்பு அப்படியாம். ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பித்தப்பைக் கல்லாக இருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

கல் இல்லை. ஈரலில் கட்டி.

டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. “இருக்கலாம், இன்னும் டெஸ்ட் பண்ணணும்” என்றார். ஆனால் தம்பிக்கு அந்த வார்த்தை கேட்டுவிட்டது, எனக்கும்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்தான். அவள் உள்ளே போய் நாய்க்குச் சோறு வைத்தாள். நான் என்னத்தப் பேச? இத்தனை வருஷமா வாய்க்கு வாய் பேசினவ, இன்னிக்குப் பாத்து வாய் அடைச்சுப் போச்சு.

ஏப்ரல் 3

அவள் பள்ளிக்குப் போனாள். பரீட்சை நேரமாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

ரத்தப் பரிசோதனை, ஊசி விட்டு எடுத்த சதைப் பரிசோதனை, எல்லாம் வந்தன. பெரிய ஆஸ்பத்திரியின் ஈரல் டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். “உங்க வீட்டுப் பக்கம் நரி வருமா?”

புற்றுநோய் இல்லையாம், புழுவாம். தம்பி டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அழுதான். உலகத்திலேயே பெண்டாட்டிக்குப் புழு என்றதும் இப்படிச் சந்தோஷப்பட்டவன் இவன் ஒருவனாகத்தான் இருப்பான். டாக்டர் அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து மிச்சத்தைச் சொன்னார்.

நரியின் குடலில் ஒரு நாடாப்புழு இருக்கிறது, அரிசி அளவுகூட வராது. அதன் முட்டை நரியின் கழிவோடு மண்ணில் விழுகிறது. எலி அதைத் தின்கிறது, எலியை நாய் தின்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் கழிவிலும் முட்டை வரும், ரோமத்தில் ஒட்டும். அங்கிருந்து நம் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. கழுவாமல் பறித்துத் தின்கிற கீரை, பழம் வழியாகவும் வரலாம். உள்ளே போன பிறகு பத்து வருஷம்கூடச் சத்தமில்லாமல் ஈரலுக்குள் பரவும். பேர்தான் புழு, வேலையெல்லாம் புற்றுநோய் வேலை. ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகு வருஷக்கணக்கில் மாத்திரை.

நாயிடமிருந்துதான் வந்ததா என்று தம்பி கேட்டான். நாயாக இருக்கலாம், தோட்டத்து மண்ணாக இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் நானும் அவளும் மட்டும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சொல்லிடுங்க அண்ணி. நான் அப்பவே சொன்னேன்னு. ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுடும்.”

இந்த வாக்கியத்துக்காக நான் ஆறு வருஷம் காத்திருந்திருக்கிறேன்.

“ஜூஸ் குடிக்கிறியா?” என்று கேட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தம்பி மேனேஜரை வேனில் ஏற்றினான். எங்கே என்று கேட்டேன். “உங்க ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டதான். ஊசி போட்டு முடிச்சுடச் சொல்லு” என்றான். தடுப்பூசியைச் சொல்லவில்லை. மேனேஜர் ஏதோ பிக்னிக் போகிற மாதிரி ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அறிவுஜீவி.

வேனுக்கு முன்னால் போய் நின்றேன். ஏன் நின்றேன்? இந்த நாய்க்கும் எனக்கும் என்ன ஒட்டும் உறவும்? என் செருப்பைத் தின்றது, என் துணியில் படுத்தது, ஒரு நாள் என்னைப் பார்த்து வாலாட்டியதில்லை.

“விலகு அக்கா.”

“அது எலியைத் தின்னுச்சு. மாத்திரை குடுக்காம விட்டது நாம. இப்ப அதைக் கொன்னுட்டு, அவ ஆபரேஷன் முடிஞ்சு வந்து எங்கேன்னு கேட்டா என்னடா சொல்லுவ?”

எஞ்சினை அணைத்தான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். நாயை நான் இறக்கிக் கூட்டிப்போனேன்.

ஏப்ரல் 15

மேனேஜர் இப்போது எங்கள் ஆஸ்பத்திரி விருந்தாளி. கழிவைச் சோதித்ததில் புழு முட்டை இருந்தது. எங்கள் டாக்டர் மாத்திரை கொடுத்து, உறை போட்ட கையால் குளிப்பாட்டவைத்தார். சில நாள் கழிவையெல்லாம் கையுறையோடு அள்ளிப் பையில் கட்டி எரிக்க வேண்டும். அந்தப் பதவி எனக்கு. படிப்புக்கேற்ற வேலை கடைசியில் கிடைத்துவிட்டது.

எனக்கும் தம்பிக்கும் ஸ்கேன், ரத்தம் இரண்டும் சுத்தம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தெருக் கூட்டம். நேற்று வரை ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாதவர்கள் எல்லாம் இன்று நிபுணர்கள். ஒருவர் நரிகளுக்கு விஷம் வைக்க வேண்டும் என்றார். மருந்துக்கடைக்காரர் நாய்களுக்கும் சேர்த்து வைக்கலாம் என்றார். எதிர்வீட்டுக்காரர் எலிகளை விட்டுவிட்டீர்களே என்று ஞாபகப்படுத்தினார். போகிற போக்கில் எங்களையும் சேர்த்திருப்பார்கள். எல்லார் கண்ணும் நரி மாமா மேல். அவர் கடைசி நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் பேசினார். அதாவது, தன் சட்டைப் பொத்தானிடம் எதையோ சொன்னார். அதை நான் எழுந்து உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று: நரியைக் கொன்றால் காலியான இடத்துக்கு வேறு நரி வரும், அதுவும் புழுவோடுதான் வரும். விஷம் வைத்தால் முதலில் சாகப்போவது உங்கள் நாய். குப்பைக்குழிக்கு மூடி போடுங்கள், நாயைக் கட்டிக் கூட்டிப்போங்கள், மாசா மாசம் மாத்திரை, தோட்டத்து வேலை முடிந்ததும் சோப்பு. கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்துத் தின்னுங்கள், வீட்டு ஃப்ரீசரில் வைத்தாலும் அந்த முட்டை சாகாது.

எல்லாரும் தலையாட்டினார்கள். இது பற்றி ஆலோசிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. புழு பயந்தே செத்திருக்கும்.

ஏப்ரல் 24

நரி மாமா வீட்டுக்குப் போனேன். கேட்பதற்குச் சூடாக நாலு கேள்வி தயார் செய்துகொண்டு போனேன். கதவைத் திறந்ததும் அவரே, “என்னாலதானேம்மா?” என்றார். நாலு கேள்வியும் போச்சு.

யாராலும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதையே சொன்னேன். மதில்மேல் இனி எதுவும் வைக்கக் கூடாது என்றேன். “இந்த வீட்டுக்கு வேற யாரும்மா வர்றாங்க?” என்றார்.

சுகாதார அலுவலகத்தில் நரிகளுக்கென்றே மருந்து உருண்டை இருக்கிறது. உள்ளே மாத்திரை, வெளியே மீன் வாசனை. மாதம் ஒரு முறை காட்டுக்குள் நரி நடமாடும் இடத்தில் போட வேண்டும். எந்த நரி எங்கே நடமாடும் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. இதைச் சொன்னதும் மாமா நிமிர்ந்தார்.

“மருந்துன்னா… சாகுமா?”

“நரி சாகாது மாமா. வயித்துல இருக்கிற புழு மட்டும்.”

உள்ளே போய் செருப்பைக் கழற்றிவிட்டு பூட்ஸோடு வந்தார். இன்றைக்கே ஆரம்பிக்கிற எண்ணம். அடுத்த வாரம்தான் உருண்டை வரும் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

மே 6

ஆபரேஷன். காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடும்போது என்னைத்தான் பார்த்தாள், தம்பியை இல்லை. எதுக்கு என்னைப் பாத்தா? கடவுளே, எவ்ளோ நேரம்.

சாயங்காலம். ஈரலில் பாதியை எடுத்துவிட்டார்கள். கட்டி முழுசாக வந்துவிட்டதாம். மீதி ஈரல் தானே வளர்ந்துகொள்ளுமாம். அவளைப் போலவே பிடிவாதக்கார ஈரல், வளரும்.

மே 7

கண் விழித்தாள். முதல் கேள்வி தம்பியைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றியும் இல்லை. “அவன் சாப்பிட்டானா?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

மே 25, ஞாயிறு

வீடு. டாக்டர்கள் இருவரும் சரி என்ற பிறகு மேனேஜரும் வீடு. இனிமேல் கட்டித்தான் வெளியே கூட்டிப்போவது, கட்டிலில் ஏறுவது ரத்து, முகத்தை நக்குவது அறவே ரத்து. தோட்டத்தைச் சுற்றித் தம்பி கம்பிவேலி போட்டிருக்கிறான். மேனேஜர் நாற்காலியிலிருந்த அவள் காலடியில் போய்ப் படுத்தது. அவள் அதன் முதுகைத் தடவினாள், பிறகு தானே எழுந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு, நடந்துபோய்க் கை கழுவினாள். சோப்பு போட்டு, விரலிடுக்கெல்லாம். பாட்டு மட்டும்தான் பாடவில்லை.

அடுத்த அறையில் இருந்துகொண்டு நான் ஏன் அழுதேன் என்று தெரியவில்லை. வெங்காயம் என்று தம்பியிடம் சொன்னேன். சமையலறையில் அன்றைக்கு வெங்காயமே இல்லை.

ஜூலை 13

தெருக் குழு இன்னும் ஆலோசிக்கிறது. அதற்குள் நரி மாமா மூன்று முறை காட்டுக்குப் போய் உருண்டை போட்டு வந்துவிட்டார். எந்த நரி எடுத்தது, எது முகர்ந்துவிட்டுப் போனது என்று என்னிடம் வந்து ஒப்பிக்கிறார். கவுன்டரில் வரிசை நிற்கும்போதுதான் வருவார். சுகாதார அலுவலர் அவர் சொல்வதைக் கைகட்டிக் கேட்கிறாராம். அப்படி அவரே சொல்லிக்கொள்கிறார்.

மினரல் வாட்டர்க்காரர் மாத்திரை வாங்கிப் போனார். ‘சும்மா ஒரு பாதுகாப்புக்கு’ என்றார். சும்மாதான் என்றேன்.

ஆகஸ்ட் 19

மாத்திரையால் அவளுக்குக் கொஞ்சம் முடி கொட்டுகிறது. யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று உத்தரவு. கேட்கவில்லை. என் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறாள், கேட்காமல் எடுத்திருக்கிறாள். வைத்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

நரி மாமாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. இந்த மாத உருண்டையை என் தலையில் கட்டினார், பாதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். போன வாரம் எடுத்த ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை என்ற தெம்பில் அவளும் வருகிறேன் என்றாள். நடக்கத்தான் டாக்டரும் சொல்லியிருக்கிறாராம். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

இரண்டு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு போனோம். சாயங்கால வெயில் மரங்களுக்குள் சாய்ந்திருந்தது. உருண்டைகளை மாமா சொன்ன இடங்களில் போட்டுக்கொண்டே போனோம். அவளுக்கு மூச்சு வாங்கியதால் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தோம். என் முழங்காலும் ஒன்றும் சும்மா இல்லை.

அப்போது நரி வந்தது. புதருக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல். பத்தடி தூரம்கூட இல்லை. எங்களை நன்றாகப் பார்த்தது, அவசரப்படாமல் உருண்டையை எடுத்தது, மென்று விழுங்கிவிட்டு நின்றது. வால் நுனியில் மட்டும் வெள்ளை.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எவ்ளோ அழகா இருக்கு அண்ணி” என்றாள், காதோடு.

பாதி ஈரலைப் பறிகொடுத்தவள் சொல்கிற பேச்சா இது? என் வாயில் அதற்கு நல்ல பதில் ஒன்று தயாராக இருந்தது. நரி போகும்வரை இரண்டு பேரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து பின்கட்டுக் குழாயில் சோப்பு போட்டுக் கை கழுவினோம். அவள் முதலில் முடித்தாள். தான் துடைத்துக்கொள்ளாமல் ஈரக் கையோடு துண்டை எடுத்து எனக்காக நீட்டிக்கொண்டு நின்றாள்.