அளப்பதற்கு முன் எடுத்த குண்டு

ஞாயிற்றுக்கிழமை

இன்று பெண்கள் பெத்தாங் போட்டியின் கடைசி ஆட்டம். எனக்கும் ரொசாலிக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு புள்ளி. பதின்மூன்று எடுத்தால் கோப்பை. கடைசியாக நான் எறிந்த இரும்புக் குண்டு, அவளுடையதைவிட இரண்டு விரல் கிட்டத்தில், சின்ன மரக்குண்டின் பக்கத்தில் போய் நின்றது. மரக்குண்டுக்குக் கிட்டத்தில் நிற்கிற குண்டுக்குத்தான் புள்ளி.

குனிந்து பார்த்தவள், "உங்களுதுதாங்க்கா, ஜெயிச்சிட்டீங்க, எடுத்துக்குங்க" என்றாள். சந்தோஷத்தில் எடுத்துவிட்டேன். உடனே நடுவரைப் பார்த்துக் கை தூக்கினாள். "அளக்கறதுக்கு முன்னாடியே குண்ட எடுத்துட்டாங்க, பாருங்க!"

அளக்காமல் எடுத்த குண்டு செல்லாது. முப்பது வருஷமாக ஆடுகிறேன், எனக்குத் தெரியாதா?

"இவதான் தம்பி எடுக்கச் சொன்னா."

"நான் எங்கக்கா சொன்னேன்? வயசாயிடுச்சில்ல, காதுல வேற ஏதாச்சும் விழுந்திருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் என்று ஒருவர் விடாமல் சொல்வேன். புள்ளி ரொசாலிக்குப் போனது. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிரான்சுக்காரி மாதிரி என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வேறு கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு ஜோடி ஆட்டம். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ஜோடியாக என் பெயர் வந்தது.

"மாத்திப் போடட்டுமா ஆயா?" என்றார் நடுவர்.

"வேணாம் தம்பி, இருக்கட்டும்."

பாரிசிலிருந்து வருகிற தன் மகளையும் மருமகனையும் ரொசாலி ஆட்டம் பார்க்கக் கூட்டி வருகிறாளாம். வரட்டும். அவர்கள் கண்ணெதிரே அவள் தோற்க, நான் என் குண்டுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டால் போதும்.

வேண்டுமென்றே தவறவிட இந்தக் கைக்குத் தெரியாது. நாளைக் காலையிலிருந்து பழக வேண்டும்.